பாதி பிளேடு

பெரியமேட்டுத் தோல் மண்டி வாடை
வெயிலில் முற்றிக்கொண்டிருந்த சனிக்கிழமை மத்தியானம்
அவன் வந்து உட்கார்ந்தான்.
நாற்காலி முனகியது.
"மொட்ட அடி. மீசைல கை வெக்காத."

எதிர்ச்சுவரில் பசை காயாத போஸ்டர்.
அதிலும் அதே மீசை.
ஹங்கேரி எமன்! ஏழு நாடுகளில்
பதினோரு பேரை முடமாக்கியவன்!
தமிழில் ஒரு எழுத்து தெரியாதவன் என்று
மைக் கட்டிய ரிக்‌ஷா கத்திவிட்டுப் போன தெருவில்
சோப்பு நுரைக்கு அடியிலிருந்து சொன்னான்:
"மெல்வின். பெரம்பூர் லோகோல ஃபிட்டர்.
வெளிய சொன்ன, என் பொயப்பு பூடும் வாத்யாரே."

சொல்லவில்லை. ஐம்பத்துமூன்று வருஷம்.

பேசின் பிரிட்ஜில் தண்டவாளங்கள் பிரிவதுபோல
நெற்றியில் பழைய வெட்டுகள்.
படிகாரக் கல்லை அதன்மேல் மெதுவாக ஓட்டினேன்.
"எரியுதுப்பா" என்றான்
ஏழு நாட்டு எமன்.

எழுந்தபோது கேட்டான்:
"ஒரு பிளேடு குடு. பாதி போதும்."
உடைத்தேன். டிக்.
ஆள்காட்டி விரல் பிளாஸ்திரிக்குள் அது போன விதம்
பழகிய சாவி பூட்டுக்குள் போகிற விதம்.

ராத்திரி, ஒன்றேகால் ரூபாய் கேலரி.
எனக்கு எல்லாம் தெரியும்.
நீல முகமூடிக்குள் மூன்று பேர் மாறிவிட்டதைக்
கணுக்காலைப் பார்த்தே சொல்வேன்.
எமன் மிளகாய்ப்பொடி எடுக்கும் நேரமெல்லாம்
ரெஃப்ரி பொன்னுரங்கம் குனிந்து ஷூ லேஸ் கட்டுவார்;
சரியான வேளையில் லேஸ் அவிழ்வதும் ஒரு வித்தைதான்.
மிஸ் டெல்மா எருமையைத் தூக்குவாள் என்றார்கள்.
கடைசிவரை எருமை வரவில்லை.
யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.
அவள் எங்களைப் பார்த்த பார்வையில்
எருமை வந்து போயிருந்தது.

எல்லாம் தெரியும்.
ஆனால் லூதியானா சர்தூல் சிங்கைக் கயிற்றில் மாட்டி
எமன் கழுத்தை நெரித்தபோது,
பக்கத்திலிருந்த சால்ட் கோட்டர்ஸ் மூட்டைக்காரர்
துண்டை வாயில் கவ்விக்கொண்டு அழுதபோது,
"கொல்லுங்கடா அவன!"
கிழிந்தது என் தொண்டைதான்.
காலில் கிடந்ததைக் கழற்றி வீசினேன்.
நான் மழித்த தலை. ஃபோகஸ் லைட்டில் பளபளவென்று.
குறி தப்பவில்லை.

அப்புறம் சிங்கம் எழுந்தது.
எமன் மூலைக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தான்.
நெற்றியைக் கையால் மூடியபடி
வெகுநேரம் கிடந்தான்.
நிமிர்ந்தபோது முகமெல்லாம் ரத்தம்.
ஸ்டேடியமே எழுந்து ஆடியது.
நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன்,
ஒற்றைச் செருப்போடு.

அது என் பிளேடு.

திங்கட்கிழமை காலை.
ஷிஃப்டுக்குப் போகிற காக்கி, நெற்றியில் பஞ்சு,
கக்கத்தில் நியூஸ்பேப்பர் பொட்டலம்.
"உன்துதான? எட்டாம் நம்பர்."
பிரித்தேன்.
ரொம்ப நாளாய் அறுந்திருந்த வாரைத் தைத்துவேறு வைத்திருந்தான்.
என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.
"அடுத்த வாரமும் வா. கொஞ்சம் முன்னாடி உக்காரு.
நீ வுட்டப்புறம்தான் மத்தவனுங்களும் வுட்டானுங்க."

அந்த ஸ்டேடியத்தை இடித்து வேறு கட்டிவிட்டார்கள்.
ஆஸ்திரேலியா போய்விட்டான் என்றான் ஒருத்தன்.
லோகோ கேட்டுக்கு எதிரே
சைக்கிள் கடை வைத்திருக்கிறான் என்றான் இன்னொருத்தன்.
பஸ்ஸில் இருபது நிமிஷம்.
நான் போய்ப் பார்க்கவில்லை. ஏனென்று கேட்காதீர்கள்.

"அதெல்லாம் டூப்பு சார்" என்று
என் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறவர்களோடு
வாதாடுவதில்லை.
கழுத்து என் கையில் இருக்கிறது.
அந்த நேரத்தில் கோபம் கூடாது.

இப்போது நோய் பயம். எல்லோருக்கும் புது பிளேடு,
ஆளுக்குப் பாதி.
நாளைக்கு இருபது முறை உடைக்கிறேன். டிக்.
ஒரு பாதி கத்திக்குள்.
மறு பாதியைத் தாளில் மடித்துக்
கண்ணாடி ஓரத்தில் வைக்கிறேன்,
அடுத்தவருக்கு.

சனிக்கிழமை மத்தியானம் மட்டும்
அதை எடுக்கக் கொஞ்சம் தாமதிப்பேன்.